பத்து வரை எண்ணிக் காத்திருந்தவருக்கு

பேசாத பிள்ளைகளின் பேச்சைக் கேட்ட பெருஞ்செவியே! நடக்காத பிள்ளைகளோடு தரையில் தவழ்ந்த தாயுள்ளமே! இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஐந்தே ஊழியர்களுக்கும் நடுவில், முப்பத்து நான்கு ஆண்டுகள் நின்று, நிமிர்ந்து, நிழல் தந்த நெடுமரமே! (தங்கள் உயரம் ஐந்தடிக்கும் குறைவு என்பதை அறிந்தே எழுதுகிறோம்.) சிறப்புக் கவனம் வேண்டும் சிறுவர்க்கென அரசு நடத்தும் எங்கள் முன்பருவப் பள்ளியின் தலைமையாசிரியையே, ஊழியர் எல்லோரும் உள்ளன்போடு அழைக்கும் பெரிய டீச்சரே, வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, பள்ளியின் எழுத்தர் என்ற ஒரே காரணத்தால் என் தலையில் விழுந்தது. என் முதல் வரைவில் இருபத்தொரு விளிகள் இருந்தன. அறிவுச்சுடரே என்று தொடங்கி அன்பின் ஆழியே என்று முடித்து, நானே மெய்மறந்து, ஊழியர் கூட்டத்தில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். ஆறாவது விளியிலேயே ஆயாம்மா கையைத் தூக்கிவிட்டார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இதுல நம்ம டீச்சர் எப்ப வருவாங்க?" என்று கேட்டார். பேச்சுப் பயிற்சி டீச்சர் பதினெட்டு விளிகளை அடித்துவிட்டு மூன்றை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்தார். அந்த மூன்றைத்தான் மேலே கேட்டீர்கள். இனி வருவது எல்லோரும் சொல்ல, நான் எழுதியது. தமிழ் அழகாக இருக்கும் இடங்கள் என்னுடையவை. உண்மையாக இருக்கும் இடங்கள் அவர்களுடையவை.

தாங்கள் பணியேற்ற நாளில் இப்பள்ளி ஒரு பழைய நூலகத்தின் பின்கட்டாக இருந்தது. புத்தக அலமாரிகள் நின்ற தடம் இன்றும் சுவரில் வெளுத்த கட்டங்களாகத் தெரிகிறது. அந்தக் கட்டங்களுக்குள் பிள்ளைகளின் படங்களை ஒட்டினீர்கள். முதல் அறையில் மெத்தை விரித்து, தவழும் பிள்ளையும் தன் முகத்தைத் தானே பார்க்கும்படி, தரையோடு தரையாகக் கண்ணாடி பதித்தீர்கள். கிடைத்த முட்டை அட்டைகளை எல்லாம் சுவரில் ஒட்டி, வெளிச்சத்தம் நுழையாத பேச்சறை ஒன்றை உருவாக்கினீர்கள். இரைச்சல் தாங்காத பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்ள மூலையில் திரை கட்டி அதற்குக் கூடு என்று பெயர் வைத்தீர்கள். மேலிடத்துக் கூட்டங்களுக்குப் போய்வந்த நாள்களில் தாங்களும் அந்தக் கூட்டுக்குள் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நாங்கள் கண்டும் காணாததுபோல் கடந்துபோனோம்.

தாங்கள், தங்கள் என்று தொடங்கிவிட்டேனே தவிர, வாய் நீங்கள் என்றுதான் வருகிறது. அப்படியே விட்டுவிடுகிறேன்.

பிள்ளைகளிடம் உங்கள் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. அந்தக் குரலை எல்லாம் எங்களுக்கென்றே சேமித்து வைத்திருந்தீர்கள். பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு அதன் தலைக்கு மேலே பெரியவர்கள் பேசிக்கொண்டால் போதும், அன்றைக்கு எங்கள் பாடு திண்டாட்டம். ஒருமுறை ஒரு தகப்பனார் தன் மகனை மடியில் உட்காரவைத்துக்கொண்டே, "இவனுக்கு ஒண்ணும் புரியாது டீச்சர்" என்றார். நீங்கள் கோபப்படவில்லை. "அவன் இங்கதானே இருக்கான். அவன்கிட்டயே அதைச் சொல்லுங்க" என்றீர்கள். அவர் குனிந்து மகனின் முகத்தைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவர்தான் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது, இன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று அவன் காதோடு ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் பெரிய டீச்சரே, உங்கள் பெருமையைப் பேசப் புகுந்தால் எல்லாம் ஓர் எண்ணில்தான் வந்து முடிகிறது. அது பத்து.

பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் பத்து வரை எண்ண வேண்டும். மனத்துக்குள் எண்ண வேண்டும். உதடு அசையக் கூடாது, புருவம் உயரக் கூடாது, பிள்ளையை அவசரப்படுத்தும் எதையும் முகத்தில் காட்டக் கூடாது. கேள்வியைத் திரும்பக் கேட்கவே கூடாது. "நீங்க ரெண்டாவது தடவை கேட்டா அது ரெண்டாவது கேள்வி. அந்தப் பிள்ளை பாதி வழி வந்திருக்கும். மறுபடியும் முதல்லேர்ந்து கிளம்பணும்" என்பீர்கள். கேட்ட சொல் பிள்ளையின் காதுக்குள் போய், அங்கே இடம் தேடி உட்கார்ந்து, பதிலாக எழுந்து, கைக்கோ வாய்க்கோ வந்துசேர நேரம் ஆகும். சில பிள்ளைகளுக்கு ஐந்து, சிலருக்கு எட்டு. பத்து வரை பொறுத்தவர்க்குப் பதில் கிடைத்தது. பொறுக்காதவர்க்குப் பிள்ளையின் மௌனமே கிடைத்தது.

இது எங்களுக்குத் தொழிலாக இருந்து, பழக்கமாகி, இப்போது நோயாகவே ஆகிவிட்டது. பேச்சுப் பயிற்சி டீச்சர் வீட்டில், "சாப்பாடு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு எண்ணுவாராம். மூன்றிலேயே அந்த மனிதர் வியர்த்துப்போய், "நல்லாத்தான் இருக்கு, நான் ஒண்ணும் சொல்லலையே" என்று தட்டோடு எழுந்துவிடுவாராம்.

இந்த நோய் முற்றிப்போய் எங்கள் மானத்தை வாங்கிய நாள் ஒன்றும் உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன், புதிதாகப் பொறுப்பேற்ற மேலதிகாரி எங்கள் மாதக் கூட்டத்துக்கு வந்திருந்தார். கூட்டத்தின் முடிவில் நீங்கள் வழக்கம்போல், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினீர்கள். ஆயாம்மா ஏதோ சொல்லப்போகிறார் என்று எண்ணி, பேச்சுப் பயிற்சி டீச்சர் எண்ணினார். பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லப்போகிறார் என்று எண்ணி, ஆயாம்மா எண்ணினார். உடற்பயிற்சி சார் இருவருக்காகவும் எண்ணினார். டிரைவர் எப்போதும்போல் எதையும் எண்ணாமல் சும்மா இருந்தார். நான் குறிப்பெழுதுகிறவன் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதிகாரி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெதுவாக நாற்காலியை விட்டு எழுந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். அவரே எழுந்துவிட்டாரே என்று நாங்களும் எழுந்து நின்றோம். முழுசாக ஒரு நிமிடம் போன பிறகு, கம்மிய குரலில், "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார். அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டில் அந்த ஒரு நிமிடத்தை எப்படிப் பதிவது என்று தெரியாமல் நான் வெற்றாக விட்ட இரண்டு வரிகள் இன்றும் வெற்றாகவே இருக்கின்றன.

பத்து எங்கிருந்து வந்தது என்பதை இந்த மேடையில் சொல்லலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. விழா நாளில் எதற்கு அந்தப் பேச்சு என்றார் உடற்பயிற்சி சார். ஆயாம்மாதான், "டீச்சரே மறைக்காததை நாம ஏன் மறைக்கணும்?" என்று முடித்துவைத்தார். ஆகவே சொல்கிறோம்.

இப்பள்ளியில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் காலை நீங்கள் ஒரு பழைய பதிவேட்டைத் திறந்து காட்டுவீர்கள். "படிங்க" என்பீர்கள். ஒரு பக்கத்தில், கோழி கிளறியது போன்ற கையெழுத்தில், "பதில் இல்லை" என்று இருக்கும். "இது யாரு எழுத்துன்னு தெரியுதா? என்னோடது" என்பீர்கள்.

நீங்கள் வேலைக்கு வந்த இரண்டாவது மாதம் அது. சேர்க்கை நாள். வாசலில் பதினேழு பிள்ளைகள். நீலச் சட்டை போட்ட நான்கு வயதுப் பையன் அம்மாவின் இடுப்பில் இருந்தான். "பந்து எங்கே?" என்று கேட்டீர்கள். பார்த்தான், ஒன்றும் செய்யவில்லை. இன்னொருமுறை கேட்டீர்கள். மூன்றாம் முறையும் கேட்டீர்கள். பிறகு பதில் இல்லை என்று எழுதிப் பதிவேட்டை மூடினீர்கள். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வாசற்படி தாண்டும்போது, அம்மாவின் தோளுக்கு மேலாக அவன் கை நீண்டது. விரல் மேசைக்கடியில் கிடந்த பந்தைக் காட்டியது. "கூப்பிட்டிருக்கலாம். அடுத்த பிள்ளை வந்து உக்காந்தாச்சு. நான் கூப்பிடலை" என்று ஒவ்வொரு புது ஊழியரிடமும் ஒரே மாதிரி சொல்லி, பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுவீர்கள். பதிவேட்டில் இருந்த அவன் முகவரிக்கு நீங்கள் மூன்றுமுறை போனதும், அந்தக் குடும்பம் வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டிருந்ததும் ஆயாம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். தெருவில் அந்த வயதுக்காரர் யாராவது கை நீட்டி எதையாவது காட்டினால் நீங்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறீர்கள்.

தன் தவற்றைத் தானே எடுத்துக் காட்டி, அதன்மேல் ஒரு பள்ளியையே எழுப்பிய பெருந்தகையே! எத்தனை பிள்ளைகளை இங்கிருந்து சாதாரணப் பள்ளிகளுக்கு அனுப்பினீர்கள் என்ற எண்ணிக்கை என்னிடம் இருக்கிறது. நீங்கள் அதை ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஒருவனைப் பற்றித்தான் கேட்பீர்கள், ஏதாவது தகவல் வந்ததா என்று.

இனி எங்கள் கண்டக்டர் கதைக்கு வருகிறோம். அரங்கில் இருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கண்டக்டருக்கு வயது ஐந்தே முக்கால். இரட்டைப் பின்னல். இதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. காலையில் பள்ளி வண்டியில் ஏறி, வாசலுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்து, வண்டியின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவாள். அதற்குப் போகலாம் என்று பொருள். அவள் தட்டாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஒருநாள் நாலு நிமிடம் ஆனது. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஒலி எழுப்பி, ஒருவர் இறங்கிவந்து ஜன்னலில் கைவைத்துச் சண்டைக்கே நின்றார். டிரைவர் அவரிடம், "கண்டக்டர் சொல்லணும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாராம்.

ஆறு வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையையும் இங்கே வைத்துக்கொள்ள விதி இல்லை. வரும் வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு கண்டக்டரைப் பார்க்கிறது. ஐந்து கேள்வி கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம், பதில் உண்டு, பதில் இல்லை. மூன்று கேள்விக்கு உண்டு என்று வந்தால், அவள் அண்ணன் படிக்கும் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் இடம். வராவிட்டால் வீட்டுவழிப் பட்டியல். அதாவது வாரம் ஒருநாள் ஒருவர் வீட்டுக்கு வந்து ஒருமணி நேரம் இருந்துவிட்டுப் போவார். அவள் அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவையகத்தில் வேலை. போன வாரம் வந்து உங்கள் அறையில் நின்றுகொண்டே, "நான் வேலையை விட்டுடுவேன் டீச்சர், அது ஒண்ணுமில்லை. ஆனா தெனம் இந்த வண்டி எங்க தெரு வழியாத்தானே போகும்? அவ ஜன்னல்ல நின்னுக்கிட்டுச் சுவத்துல தட்டுவாளே, அதை எப்படிப் பாப்பேன்?" என்றார். நீங்கள் பதில் சொல்லவில்லை. பத்து தாண்டியும் சொல்லவில்லை.

ஏனென்றால் நீங்கள் இன்றோடு ஓய்வு பெறுகிறீர்கள். பிள்ளையோடு உள்ளே ஒருவர்தான் இருக்கலாம், அவரும் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. மதிப்பீட்டு நாளை முன்கூட்டியே வைக்கக் கேட்டீர்கள், முடியாது என்றார்கள். ஓய்வு பெற்றவராகவே வர அனுமதி கேட்டீர்கள். விதியில் இடமில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. உடன் வருபவர் என்ற இடத்தில் தலைமையாசிரியை பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டிய அந்தத் தாள் இரண்டு வாரமாக உங்கள் மேசையில் வெற்றாகக் கிடக்கிறது. தினமும் காலையில் நான் அதை எடுத்து மற்றத் தாள்களின் மேலே வைக்கிறேன். மாலைக்குள் அது அடிக்குப் போய்விடுகிறது. இன்று ஐந்து மணியோடு உங்கள் கையெழுத்துக்கு அதிகாரம் தீர்ந்துவிடும்.

உங்கள் தயக்கம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. புகழ்ந்து எழுத வேண்டிய மடலில் எங்கள் குறையையும் எழுதிவிடுகிறோம். பேச்சுப் பயிற்சி டீச்சருக்கு ஆறு வரை வரும், அதற்குமேல் வாய் துறுதுறுத்து அவரே பதிலை முணுமுணுத்துவிடுவார். உடற்பயிற்சி சாருக்கு ஏழு, பிறகு முழங்கால் ஆடத் தொடங்கிவிடும், மேசையும் சேர்ந்து ஆடும். ஆயாம்மாவுக்கு எட்டு, எட்டில் கண் கலங்கிப் பிள்ளையை வாரி அணைத்துவிடுவார். எனக்கு நாலு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நான் நடமாடுவதைப் பார்த்து, "உங்களுக்கு நாலுக்கு மேல எண்ணவே தெரியாதா சார்?" என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். பத்து வரை பொறுக்கத் தெரிந்தவர் இந்தப் பள்ளியில் ஒருவர்தான், அவரும் இன்று விடைபெறுகிறார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

ஆனால் எழுத்தரின் தொழில் சொற்களைச் சல்லடை போட்டுப் பார்ப்பது. அந்த விதியைச் சொல்லும் சுற்றறிக்கையை நான் மூன்றுமுறை படித்தேன். பணியிலுள்ள ஆசிரியர் ஒருவர் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அதில் ஆசிரியர் என்ற சொல் கிடையாது. பணியிலுள்ள ஊழியர் ஒருவர் என்றுதான் இருக்கிறது. ஊழியர் என்றால் ஆயாம்மாவும் ஊழியர்தான். நானும் ஊழியர்தான், ஆனால் என்னை அனுப்பும் அளவுக்கு உங்களுக்கு மதி மயங்கவில்லை என்று நம்புகிறோம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு நாளும் சலியாது, ஒரு பிள்ளையையும் சலியாது, எங்கள் அத்தனை பேர் அவசரத்தையும் தாங்கிய அம்மையே! நீங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ வேண்டும். தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த முழங்கால்களுக்கு வலி இன்றி வாழ வேண்டும். முணுமுணுப்பையும் கேட்ட காதுகள் மங்காமல் வாழ வேண்டும். என் மேசையிலிருந்து உங்கள் கைப்பைக்குக் குடிபெயர்ந்த பேனாக்கள் அத்தனையும் வற்றாமல் எழுத வேண்டும். காலையில் யாரும் உங்களை எழுப்பாமல் இருக்க வேண்டும். எழுப்பாவிட்டாலும் வண்டி வரும் நேரத்துக்கு நீங்கள் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள் என்பது வேறு விஷயம்.

நிறைவாக ஒரு கேள்வி. உங்கள் முறைப்படியே ஒரே ஒருமுறைதான் கேட்போம். உதடு அசைக்க மாட்டோம், புருவம் உயர்த்த மாட்டோம், திரும்பக் கேட்க மாட்டோம்.

வியாழக்கிழமை கண்டக்டரோடு யார் போவது?

எண்ணத் தொடங்குகிறோம்.

இங்ஙனம், உங்களிடம் காத்திருக்கக் கற்றும் இன்னும் முழுதாகத் தேறாத,
பேச்சுப் பயிற்சி டீச்சர், உடற்பயிற்சி சார், ஆயாம்மா, டிரைவர், எழுத்தர்.

*

(மடல் இங்கே முடிகிறது. சட்டம் போடக் கொடுப்பதற்கு முன், எல்லோரும் கேட்டுக்கொண்டபடி, எழுத்தர் தம் கைப்பட அடியில் சேர்த்தது.)

பெரிய டீச்சருக்கு,

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இது உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது. வருகிறவர்கள் படித்துவிட்டு, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள்.

பேச்சுப் பயிற்சி டீச்சர் வாசித்து முடித்ததும் அரங்கில் ஒருவரும் அசையவில்லை. விருந்தினர்களும் சேர்ந்து எண்ணினார்கள் என்றே நினைக்கிறேன். மூன்றில் நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினீர்கள். ஐந்தில் துடைத்தீர்கள். ஏழில் மறுபடி போட்டுக்கொண்டு எங்களை வரிசையாகப் பார்த்தீர்கள். ஆயாம்மா ஏற்கெனவே புடவைத் தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் பார்வை எங்களைத் தாண்டி, நாற்காலி போதாமல் வாசற்கதவில் சாய்ந்து நின்றவரிடம் போய் நின்றது. ஒன்பதில் சொன்னீர்கள்.

"டிரைவர் தம்பி."

அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "நானா டீச்சர்? பெரிய ஆளுங்க இருக்கிற இடம். எனக்குப் பேசத் தெரியாதுங்களே" என்றார்.

"அதனாலதான்" என்றீர்கள்.

தாளைக் கொண்டுவரச் சொல்லி, மேடையிலேயே, என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டீர்கள். மணி நாலே முக்கால். பேனா திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வண்டி திரும்பி வந்தது. நாங்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிரைவர் இறங்கினார். "என்னய்யா ஆச்சு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு எதையும் சொல்ல நேரம் ஆகும் என்பது தெரிந்ததுதானே. இரண்டாம்முறை கேட்க வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். நாலு வந்தது, போனது. எட்டில் ஆயாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர், நான் பத்து வரை போனேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் போனேன்.

"தட்டிடுச்சு சார்" என்றார்.

மீதியைச் சொன்னது கண்டக்டரின் அம்மா. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை, பேச்சும் காதில் விழுந்திருக்கிறது. நாலு கேள்வி முடிந்தபோது இரண்டு உண்டு, இரண்டு இல்லை. ஐந்தாவதாகக் குழுவின் அதிகாரி, "பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போலாமா?" என்று கேட்டிருக்கிறார். கண்டக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். "அவரு பேனாவை எடுத்துக் கட்டத்துல வச்சுட்டாரு சார். நம்ம டிரைவர் அண்ணன் கையை மட்டும் இப்படித் தூக்கினாரு, ரோட்டுல வண்டியை நிறுத்துற மாதிரி. 'இருங்க' அப்படின்னாரு. அவ்வளவுதான். அந்த ஆபீசரும் அப்படியே இருந்துட்டாரு. இவ மெதுவா நிமிர்ந்து, அந்த ரூம்ல எல்லாரும் உக்காந்தாச்சான்னு ஒரு தடவை சுத்திப் பாத்தா. அப்புறம் மேசையில ரெண்டு தட்டு." அதிகாரி ஒன்றும் புரியாமல் விழித்தாராம். டிரைவர்தான், "போலாம்னு சொல்லுதுங்க" என்று சொன்னாராம்.

மதிப்பீட்டுத் தாளின் நகல் இன்று வந்தது. ஐந்தாவது கட்டத்தில், நம் இருவர் எழுத்தையும்விட நல்ல எழுத்தில், பதில் உண்டு என்று இருக்கிறது. அந்த நகலை இந்த மடலுக்குப் பின்னால் வைத்துத்தான் சட்டம் போடக் கொடுக்கிறேன். வெளியே தெரியாது, அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அன்றைக்கே பள்ளி விடும் நேரத்தில் உங்களுக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் எண்ணவில்லை டீச்சர். சும்மா இருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி சரி, வண்டியை எடுக்கச் சொல்லுங்க சார், மத்தப் பிள்ளைங்களை வீட்டுல விட நேரமாச்சு" என்றீர்கள்.

போய்ச் சொன்னேன். டிரைவர் தலையாட்டினார். ஆனாலும் பிள்ளைகள் எல்லோரும் ஏறி உட்கார்ந்து, தகட்டில் இரண்டு தட்டு விழுந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.